நாற்பத்தொன்றாவது நிமிடம்

மாலையில் மழை. பத்தூமியில் அது செய்தி அல்ல.
நோதார் துறைமுகத்துக் கிரேனிலிருந்து இறங்கி வந்து
கை கழுவி, மடிக்கணினியை நாற்காலிமேல் நிறுத்துவார்.
"இன்றைக்குத் தூங்க மாட்டேன், நானூலி."
நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார்.
கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறேன்.
துப்பறியும் தொடரோ காதல் படமோ,
அவர் பாரபட்சம் காட்டுவதில்லை.

மிச்சத்தை நான் பார்ப்பேன்.
எல்லாருக்கும் ஒரே ஆள் குரல் கொடுக்கும் பழைய பிரதிகள்.
கதாநாயகியாக அழுவதும் குழந்தையாகச் சிரிப்பதும்
சளி பிடித்த அதே மனிதர்.
ஒருமுறை குதிரைக்கும் இரண்டு வார்த்தை பேசினார்.

காலையில் சாக்ஸ் தேடிக்கொண்டே கேட்பார்: "அப்புறம்?"
முதல் சில வருடம் உள்ளதைத்தான் சொன்னேன்.
டாக்டர்தான் கொலைகாரன். கப்பல் மூழ்கியது. நாய் திரும்பவில்லை.
"ப்ச்" என்பார்.
அந்த "ப்ச்" நாள் முழுக்க என் மருந்துக்கடையில்
இருமல் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.
ஒருநாள் நாயைத் திரும்ப வரவழைத்தேன்.
ஒரு நாய்தானே.

அப்புறம் கை நிற்கவில்லை.
தூக்குத்தண்டனைக் கைதிக்கு வயிற்றுவலி வந்து தேதி தள்ளிப்போனது.
ஏழு சீசன் பிரிந்திருந்த சகோதரர்கள்
ரொட்டிக்கடை வரிசையில் முட்டிக்கொண்டார்கள்.
துறைமுகச் சாப்பாட்டறையில் இவருக்கு விமர்சகர் என்று பேர்.
"முன்பாதி இழுவை. பின்பாதிக்காகப் பார்க்கலாம்" என்பாராம்,
ஒரு பின்பாதியும் பார்த்திராத மனிதர்.

மாட்டிக்கொண்டது ரயில் படத்தில்.
அவள் ரயிலைத் தவறவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றார் நோதார்.
ஏறிப் போய்விட்டாள் என்றார் ஜெமால்.
சூப் ஆறியது. மேசையில் கரண்டி தெறித்தது.
ஒரு பெட்டி ஆரஞ்சு பந்தயம்.
ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர்
நனைந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு என் சோபாவில் வரிசையாக.

சூரியகாந்தி விதை வறுத்து வைத்தேன்.
உப்பைக் கொட்டிவிட்டேன் போல, யாரும் சொல்லவில்லை.
குலாதி ஒவ்வொரு காட்சிக்கும் கருத்துச் சொன்னார்:
அந்தத் தொப்பி காலத்துக்குப் பொருந்தாது,
அந்த மழை குழாய்த் தண்ணீர், மழையைப் பற்றி நமக்கா தெரியாது.
நோதார் இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கி
கண் கொட்டாமல்,
முப்பத்தெட்டு,
முப்பத்தொன்பது,
நாற்பது.

குறட்டை.

யாரும் எழுப்பவில்லை.
அவள் ஏறினாள். சளிக்குரல் மனிதர் "போகிறேன்" என்றார், அவளுக்காக.
ரயில் நீளமாகப் போயிற்று, பெட்டி பெட்டியாக,
அந்த இயக்குநருக்கு அவசரமே இல்லை.
ஜெமால் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
நான் விதைத் தொலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

ஜெமாலின் மனைவி இத்தாலியில்,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை.
இரண்டு வருடம் என்று போனாள். இது ஆறாவது.

திரை கறுத்ததும் நோதார் விழித்தார்.
"அப்புறம்?"
என் தொண்டை வறண்டது.
"தவறவிட்டுவிட்டாள்" என்றார் ஜெமால்.
"நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஆரஞ்சு நாளைக்கு."
குலாதி ஏதோ சொல்ல வாயெடுத்து
விதையை மென்றார்.
"சொன்னேனே, பின்பாதி பிரமாதம்" என்றார் என் விமர்சகர்.

வாசலில் பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டே,
நிமிராமல், ஜெமால் கேட்டார்:
"உங்கள் கதையில், வீட்டுக்கு வந்து அவள் என்ன செய்வாள்?"

அதுவரைக்கும் நான் யோசித்ததில்லை.
என் முடிவுகள் எல்லாம் கதவோடு நின்றுவிடும்.
"காலையில் பீன்ஸ் ஊறப்போட்டிருந்தாள்" என்றேன்.
"கோட்டைக் கழற்றாமலே அதை அடுப்பில் ஏற்றுவாள்."

கொஞ்சநேரம் அந்தக் காட்சியைப் பார்த்தார்.
"கோட்டைக் கழற்றட்டும்" என்றார்.
"கழற்றினால்தான் நம்புவேன்."

படிகளில் விளக்கு இல்லை.
அவர் இறங்கும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.