பத்துச் செக்கன்

கமராவில் சிவப்புப் புள்ளி பத்துத் தரம் சிமிட்டும்.
அதற்குள் ஓட வேண்டும்,
வழுக்கும் பாறைகள்மேல், நண்டுகளைத் தாண்டி,
தண்டவாளத்தோரம் குடை நட்ட இடத்துக்கு.

குடை ஏறத்தாழ என் உயரம்.
அதன் பிடியில் கடுகுமஞ்சள் துப்பட்டா ஒன்றைச் சுற்றி
அதற்குத்தான் முதலில் போக்கஸ் பிடித்தேன்.
பிறகு ஓடிவந்து, பிடுங்கி,
கல்லுக்குப் பின்னால் எறிந்துவிட்டு
அதன் இடத்தில் நான்,
ஒரு மெதுவான பாட்டுக்கு
மூச்சிரைக்க வாயசைத்தபடி.

வெள்ளவத்தைக் கரையில்
மூன்று பின்னேரம் இப்படி ஓடினேன்.
கடல் பாட்டை விழுங்கியது.
போனை இடுப்பில் செருகி, அதன் அதிர்வை வைத்து
எந்தச் சரணம் என்று கணித்தேன்.
பாணந்துறைக் கோச்சி வந்தபோது
மிதிபலகையில் தொங்கிய அத்தனை பேரும்
நேராக லென்ஸைப் பார்த்தார்கள்.
அந்த ஷொட்டை விட மனமில்லை,
வெளிச்சம் அவ்வளவு நல்லாயிருந்தது.
ஆகவே இந்தச் சோகப் பாட்டின் இரண்டாம் சரணத்தில்
யாரோ ஒரு கந்தோர்க்காரன்
சாப்பாட்டுப் பையோடு எனக்குக் கையசைக்கிறான்.

இரண்டாம் நாள் ஒரு பொலிஸ்காரர் வந்தார்.
கமராவைப் பார்த்தார், குடையைப் பார்த்தார்,
மற்ற ஆட்களைத் தேடிக் கரையெல்லாம் பார்த்தார்.
'தனியமத?' என்றார்.
'தனியத்தான்' என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
நடுவில் யாரும் தேவைப்படவில்லை.
மணிக்கூட்டைத் தட்டி, தண்டவாளத்தைக் காட்டி,
தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வகுப்பில் மற்றவர்கள் ஆறாறு பேர்.
லைற் பிடிக்க ஒருவர், சோற்றுப்பார்சல் வாங்க ஒருவர்.
என்னையும் ஒரு குழு கூப்பிட்டது.
எனக்கு ஒருவரோடும் ஒத்துவராது என்றேன்.
உடனே நம்பினார்கள்.
அது கொஞ்சம் சுட்டது.

எடிட் செய்யும்போதுதான் கண்டேன்:
ஒவ்வொரு ஷொட்டிலும் இடப்பக்கம்
ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டிருக்கிறேன்.
வெட்டிப் பார்த்தேன். சரிவரவில்லை.
திரும்ப அப்படியே வைத்தேன்.

ரெண்டர் எண்பத்தேழு வீதத்தில் கரண்ட் போனது.
போர்டிங் அக்கா மெழுகுதிரியோடு வந்து
'முடிஞ்சுதா பிள்ளை?' என்றார்.
'முடியேல்லை அக்கா.'
இருவரும் கறுத்த திரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விரிவுரையாளருக்குப் பிடித்தது அந்த இளைப்பு.
'உள்ளுக்குள்ள இருந்து வருது, எப்பிடி நடிச்சனீர்?'
பயிற்சிதான் சேர் என்று
புள்ளியை வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் பெயர்கள்.
இயக்கம் சாருஜா. ஒளிப்பதிவு சாருஜா.
படத்தொகுப்பு, உடை, ஒப்பனை,
போக்குவரத்து (நூற்றியோராம் இலக்க பஸ்) சாருஜா.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
குரல் என்று ஒரு வரி அதில் இல்லாததை
ஒருவரும் கேட்கவில்லை.

அவள் அலுமாரிக்குள் இருந்து பாடினாள்,
தொங்கிய சாரிகளுக்கு நடுவில்,
வீட்டார் கலியாணத்துக்குப் போயிருந்த
ஒன்றரை மணித்தியாலத்தில்.
இரண்டு தரம். இரண்டாவதில் தும்மினாள்.
'என்ர பேர் வேண்டாம், முகம் வேண்டாம்,
பாட்டு மட்டும் வெளியில போகட்டும்.'
ஆறு பேர் என்றால் ஆறு வாய்.
அதனால்தான் குடை.

வெட்டியெறிந்த பத்துச் செக்கன்கள் நாற்பத்துமூன்று
இன்னும் ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன.
வரிசையாக ஓடவிட்டால் ஏழு நிமிடத்துக்கு மேல்,
பாட்டைவிட நீளம்.
அலை இரைச்சல். காகம். என் செருப்புச் சத்தம்.
முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி
திரும்பத் திரும்ப ஓடுகிறாள்.
தூரத்தில் மஞ்சளாய் ஒன்று
அவள் வந்து சேரும்வரை அசையாமல் நிற்கிறது.

நேற்று அதை அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.
கன்னத்தில் கைவைத்து முழுவதையும் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
'எடியே, அது என்ர துப்பட்டா எல்லோ?'