பயன்பெற்றோர் தொகை

மணித்தியாலம் எழுதியாயிற்று: நாற்பத்தொன்று.
சீமெந்து, மூன்று பை.
கடற்கரை மணல் வேண்டாம் என்றார் அம்மா,
காரணம் சொல்லவில்லை.
லோஜிதனின் அப்பா உழவு மெசினில்
ஆற்றுமணல் ஏற்றித் தந்தார்.

கல்லடி பஸ் தரிப்பில் ஐந்து வாங்கு.
ஒன்பது பீ இடாப்பில்
சிவப்புக்கோடு விழுந்தவர்களும் ஐவர்.
'நினைவாக' என்று பெரிதாய் எழுதச் சொன்னார்
சாரணர் ஆசிரியர்.
இடம் போதாது சேர் என்று பொய் சொன்னேன்.
பெயர் மட்டும். நீலம்.

ரூபகரனுடையதை நானே எழுதினேன்.
சாரணர் இடக்கை கொடுப்பது
அவனுக்குப் பெரிய பகிடி;
இடியப்பப் பார்சல் வாங்கவும்
என்னிடம் இடக்கையைத்தான் நீட்டுவான்.
அவனுடைய கணக்குக் கொப்பி இன்னும் என்னிடம்.
மார்கழி லீவு முடியத் தாறன் எண்டிருந்தேன்.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
பயன்பெற்றோர் தொகை.
ஐந்து என்று எழுதி, வெட்டினேன்.
பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எத்தனை பேரென்று
யாரிடம் கேட்பது?

கிளினிக் கொப்பியோடு வந்த ஒரு பெண்
ஈரப் பெயரின்மேல் அமர்ந்து
செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தார்.
'பெயின்ட் காயல்ல…'
வாய் எடுக்குமுன் கல்முனை பஸ்.

மிதிபலகையில் ஏறும் சேலையில்
கண்ணாடியில் போல் இடம்வலம் மாறி
ரூபகரன்.
ஆரையம்பதி கடந்து, களுவாஞ்சிகுடி கடந்து
நின்றபடியே போகிறான்,
டிக்கெட் இல்லாமல்.

வாங்கில் மிச்சம் 'ரூ'வின் சுழி.
அதன்மேல் திரும்ப எழுதவா,
விடவா?
லோஜிதன் அதற்குள்
தூரிகையைக் கழுவத் தொடங்கிவிட்டான்.