ஊறு

பதினான்கு எழுத்துக்குள் வேண்டுமாம்.
'ஹேப்டிக்' என்பதற்குத் தமிழ் கேட்டு
காலாங்கிலிருந்து மின்னஞ்சல்,
மதியத்துக்குள்.

ஊறு என்று அடித்தேன்.
தொடுபுலனுக்குப் பழைய பேர்.
உடனே அழித்தேன்.
துவாஸ் கப்பல்பட்டறையில்
'இத்திரை ஊறு தரும்' என்று எழுதிவைத்தால்
எவர் விரல் வைப்பார்?

தொட்டுணர்வு. அதிர்வூட்டல்.
பரிசப் பின்னூட்டம்:
கடைசி எழுத்தின் புள்ளி
பெட்டிக்கு வெளியே தொங்கியது.

சோதித்துப் பார்க்க வைரக்கண்ணு வந்தார்,
பதினோரு வருஷம் வெல்டிங்.
கட்டைவிரலை அழுத்தினார்.
திரை சிலிர்த்தது, அவருக்குத் தெரியவில்லை.
ஆள்காட்டி விரல். அதற்கும் இல்லை.
"தோலு செத்துப்போச்சுக்கா" என்று
இடக்கைச் சுண்டுவிரலை,
கூட்டத்தில் சின்னப்பிள்ளையை
முன்னே தள்ளிவிடுவதுபோல்,
வைத்தார்.

"அட!
தொட்டா இதுவும் தொடுதே!"

எண்ணிப் பார்த்தேன், அடங்காது.
'ஹேப்டிக்' என்றே இருக்கட்டும் என
இரண்டே முக்காலுக்கு அனுப்பினேன்,
தாமதத்துக்கு மன்னிப்போடு.

என் குறிப்பேட்டில் மட்டும்
ஹகர வரிசையில்,
பொருள்: தொட்டால் இதுவும் தொடுவது.
பயன்பாடு:
இடக்கைச் சுண்டுவிரல்.