தாமதக் காரணம்

கோபியில் ஒற்றைத் தண்டவாளம்.
எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில்
ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும்,
அதற்காகத்தான் இந்த ஊர்.
ஊர் என்றால்
ஒரு நிலைய அறை, மூன்று கம்பளிக் கூடாரம்,
தண்ணீர்த் தொட்டி,
யாருடையவை என்று தெரியாத ஐந்து நாய்கள்.

சனவரி கடைசி இரவு.
சுழியத்துக்குக் கீழே முப்பது.
இமைத்தால்
மயிர்கள் ஒட்டிக்கொண்டு
பிரியலாமா என்று யோசிக்கின்றன.

எட்டு மணிக்குச் சற்று முன்பு
நிலவின் இடது ஓரத்தில் ஒரு கறை.
அடுப்புப் புகை என்று நினைத்தேன்.
இரண்டாம் கூடாரத்துப் படாம்கரவ்
புது வாளியோடு ஓடிவந்து
கரண்டியால் அடிக்கத் தொடங்கினாள்.
"ராஹ் விழுங்குகிறான்! நீ என்னடி
பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?"
நாய் குரைத்தால் அவன் கக்கிவிடுவானாம்.
அவள் மகன் ஒவ்வொரு நாயாகக் காதைத் திருகினான்.
அவை அவன் கையை நக்கின.
குழந்தை அழுதாலும் போதுமாம்.
அங்கே இருந்த ஒரே குழந்தை அவன்;
அழ முடியாது என்றுவிட்டான்.

கிளைப் பாதையில்
ஐம்பத்திரண்டு பெட்டி நிலக்கரி வந்து நின்றது.
"இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினான்கு, நிற்கிறது."
"நிற்கட்டும்."
ஷிரெந்தேவும் நானும் பேசுவது இவ்வளவுதான்.
பதினோரு ஆண்டு என் கணவன்;
இரண்டு ஆண்டாக வண்டி எண்.
அதுவும் பதிவாகும் அலைவரிசையில்.

எல்லை விரைவுவண்டி கடந்து போனது,
எல்லாச் சன்னலிலும் விளக்கோடு.
உள்ளேயிருந்து மேலே பார்த்தவர்களுக்கு
அவரவர் முகம்தான் தெரிந்திருக்கும்.

பிறகு
முழுதாகப் போய்விட்டது.
போகவில்லை; நிறம் மாறி அங்கேயே இருந்தது.
ஆட்டின் வயிற்றிலிருந்து அப்போதுதான் எடுத்து
ஆவி அடங்காத ஈரலைப்போல.
அதுவரை நிலவொளிக்குப் பயந்து
எங்கோ இருந்த நட்சத்திரங்கள்
அடிவானம் வரைக்கும் இறங்கி
தொட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தன.

கீழே என் சிவப்பு. மேலே அது.
பாதை காலி.
பச்சை கொடுக்க வேண்டிய கை
கையுறைக்குள் இருந்தது.

இயந்திரத்திலிருந்து ஒருவன் இறங்குவது தெரிந்தது.
'பூமியின் நிழல், அவ்வளவுதான்,
நிழலை வாளியால் அடிப்பார்களா?'
என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பவன்
சரளைக்கல்மேல் குனிந்து
திருகியால் தண்டவாளத்தைத் தட்டினான்.
காது கேட்குமுன் கால் கேட்டது.
முந்நூறு மீட்டர் இரும்பின் வழியே
கம்பளிக் காலணியின் அடியில்
ஒன்று. இரண்டு.
கொஞ்சம் விட்டு, ஒன்று.

அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.
ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.
ராஹை மிரட்டத்தான் தட்டியிருக்கலாம்.
பனி உடைக்கும் சுத்தியலை எடுத்தேன்.
நானும் ஒரு தட்டு.
எண் இல்லை, பதிவு இல்லை.

நாய்கள் ஐந்தும் அப்போது குரைத்தன.

பச்சை கொடுத்தேன். ஏழு நிமிடம் தாமதம்.
கட்டுப்பாட்டு அறை கேட்டது: "காரணம்?"
பனி, மணற்புயல், கால்நடை
என்று மூன்று கட்டங்கள் அச்சிட்ட பதிவேடு.
குறுக்கே ஏதோ நின்றது,
யார்மேலும் குற்றமில்லை,
தானே விலகிவிடும்
என்பதற்குக் கட்டம் இல்லை.
கால்நடையில் குறி போட்டேன்.

கடைசிப் பெட்டியின் விளக்கு
சிவப்பாகவே வளைவில் சுருங்கியது.
ஒரு மணி நேரம் கழித்து
நிலவின் விளிம்பில்
நகம் வெட்டிய துண்டளவு வெள்ளை.
"பார்த்தாயா, கக்கிவிட்டான்!" என்றாள் படாம்கரவ்.
உடனே வாளியைத் திருப்பிப் பார்த்து
அடியில் விழுந்த நசுங்கலை விரலால் தடவி,
போன வாரம்தான் வாங்கினேன் என்று
யாரையென்று தெரியாமல்
திட்டிக்கொண்டே போனாள்.