மூன்றாம் கட்டில்

இன்றைக்கு என் பெயர் கமலா.
அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
வயது நாற்பத்தெட்டு, இல்லத்தரசி,
விடியலிலிருந்து நெஞ்சில் பாரம்,
இடது கைக்கு இறங்கும் வலி,
பத்துக்கு ஏழு.
"கேட்டா மட்டும் சொல்லணும்" என்றார் மேடம்.

பாசிக்குப் போகாத நாற்பத்தைந்து நாளில்
மண்டபத்து நர்சிங் காலேஜில்
நோயாளியாகக் கிடந்தால் நானூறு ரூபாய், மதியச் சோறு.
தென்கடல் ஜன்னலில் சும்மா கிடக்கிறது.
அதற்குள் மூச்சை அடக்கியவளுக்கு
கட்டிலில் மூச்சு வாங்குவதா கஷ்டம்.

பக்கத்தில் ரப்பர் ஆள்.
மோட்டார் ஓடினால் அவன் நெஞ்சு ஏறி இறங்கும்.
காற்றடித்துக் கரண்ட் போய்ப் போய்
காலையிலிருந்து மூன்று முறை செத்தான்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
நானும், நெஞ்சைப் பிடித்தபடியே.

முதல் பெண் கதவைப் பார்த்து வணக்கம் சொன்னாள்.
அடுத்தவள் கை கழுவ மறந்து
பாதியில் ஞாபகம் வந்து ஓடினாள்.
தொண்டிப் பையன் நல்லவன்,
வலி எங்கே என்று கேட்டான்,
நான் வாய் திறக்குமுன் எழுதியும் விட்டான்.

பிறகு ரிஸ்வியா.
பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினாள்.
இறக்கினாள்.
மறுபடி ஏற்றினாள்.
அட்டையில் இருப்பது நூற்று முப்பது,
அதை எழுதினால் மார்க்.
என் உள்ளங்கையைத் திருப்பினாள்.
துணி சுற்றியும் பாறை கிழித்த கோடுகள்,
நகக்கண்ணில் பாசிக்கறை.
இல்லத்தரசிக்கு ஏது இந்தக் கை?

"அம்மா, உங்க நெசப் பேரு என்ன?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடத்தின் பேனா நின்றது.
இன்னும் ஒரு பிடி பறிக்கலாமா, மேலே வந்துவிடலாமா என்று
கடலடியில் ஒரு கணம் வருமே,
அது.

"நம்புசெல்வி. சின்னப்பாலம்."
"தலை சுத்துமா?"
"ஆறு மாசமா. தண்ணிய விட்டு எந்திரிச்சா."
முனியாண்டியிடம்கூடச் சொன்னதில்லை.
அவரும் கேட்டதில்லை.

நூற்றுத் தொண்ணூறு என்று எழுதி
அடியில் கோடு போட்டாள், பேனா தாளைக் கிழித்தது.
மணி அடித்துவிட்டது.
கமலாவின் நெஞ்சுவலியை அவள் கேட்கவே இல்லை.
ஏழு மார்க்காவது போயிருக்கும்.

நான் சேலையைச் சரிசெய்து காலைக் கீழே வைத்தேன்.
"எந்திரிக்காதீங்க நம்புசெல்வி" என்றார் மேடம்,
அறைக்குள் வந்து, செருப்போடு.

காலையிலிருந்து ஐந்து முறை படுத்தவள்தான்.
இப்போது தெரியவில்லை.
கையை எங்கே வைப்பதென்று
ரப்பர் ஆளைத் திரும்பிப் பார்த்தேன்.