இரட்டைக் கதவு

வெளிக்கதவு முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும்.
உள்கதவு திறக்காது.
இடையில், குளியலறை அளவுக் கண்ணாடிக் கூட்டில்
ஒரு முகம்.
கல்லாவுக்கு அடியில், என் வலது முழங்காலுக்குப் பக்கம்
பச்சைப் பொத்தான்.

சாட்ஸ்வொர்த்தில் இந்த நகைக்கடைக்கு
நான் வந்து ஆறு வருடம்.
"யோசிக்காதே சரோஷ்னி, யோசித்தால் தப்பாகும்"
என்பார் முதலாளி கோவெண்டர்.
கடுகு வெடிக்கிற நேரம்கூட இல்லை.
விரல் முடிவு செய்தபின்
காரணம் மெல்ல வந்து சேரும்,
தாலி கட்டியபின் வந்து இறங்குகிற
மாமா மாதிரி.

நெற்றியில் திருநீறு: டக்.
தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவள்: டக்.
தாடை அகன்றவன் கொஞ்சம் நிற்கட்டும்.
சிரிப்பவன் இன்னும் கொஞ்சம்.
உள்ளே வரத் துடிப்பவர்கள்தான்
பல்லெல்லாம் காட்டுவார்கள்.

அகத்தின் அழகு முகத்தில் என்றவர்
கடை வைத்திருந்தாரா, தெரியவில்லை.
அந்தத் திருநீறுதான் மார்ச் மாதம்
தட்டிலிருந்த எட்டுப் பவுனுக்குப் பதில்
கில்ட்டை வைத்துவிட்டுப் போனது,
"வர்றேம்மா" என்று சொல்லிக்கொண்டு.

போன ஜூலையில் ஒருவர் நின்றார்.
மழைக்கோட்டு. புருவத்தை வெட்டிய தழும்பு.
நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன்.
அவர் மோதிர விரலை உயர்த்திக் காட்டினார்.
இறக்கினார். மறுபடி உயர்த்தினார்.
மூன்றாம் தரம்தான் என் கண்ணில் பட்டது:
விரல் வீங்கி, மோதிரம் கழலாமல்
கறுத்துக்கொண்டிருந்தது.
அறுத்தெடுத்தோம்.
ரசீதுக்குப் பெயர் கேட்டேன்.
முசாவென்கோசி.
எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொன்னார்,
பொறுமையாக,
எனக்கு எரிச்சல் வரும் அளவுக்குப் பொறுமையாக.

நேற்று எனக்கு விடுமுறை.
டர்பன் நகரத்துக்குள் வேறொரு கடை.
கைப்பையில் அறுந்த கொலுசு.
வெளிக்கதவு பின்னால் சாத்தியது.
உள்ளே ஒரு பெண், இருபது வயதிருக்கும்,
நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு புத்தகத்தைப் பார்த்தாள்.

என்ன தெரிந்திருக்கும் அவளுக்கு?
நான்கு மணிக்கே விழித்த கண்ணா,
அம்மா எனக்கு விட்டுப்போன இந்தக் கடுத்த உதடா?
கைப்பையை முன்னால் பிடித்தால்
எதையோ மறைப்பது போல.
தோளில் விட்டால் திமிர் போல.
சிரிக்கலாமா என்று வாய் கிளம்பியது.
பிடித்து நிறுத்தினேன்.
சும்மா இருக்கும்போது முகத்தை
எப்படி வைத்திருப்பேன் என்பதே மறந்துவிட்டது.

என் மூச்சு கண்ணாடியில் படிந்து
அவள் மங்கினாள்.
துடைக்கக் கையை உயர்த்தினேன்.

டக்.

"கம், ஆன்ட்டி" என்றாள்,
இனிய குரல்தான்.
கொலுசைக் கொடுத்தேன்.
விலை சொன்னாள், என்னமோ சொன்னாள்.
மேசைக்கு அடியில்
அவள் முழங்கால் இருக்கும் இடத்தையே
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.