இருபதாவது ஆட்டம்

மே மாதம் மூன்றாவது வாரம்.
ராயக்கோட்டை சாலை மைதானத்துக்கு மேல்
வருகிறேன் என்று இருட்டிக் காட்டிவிட்டு
மழை ஓசூரைத் தாண்டி
அத்திப்பள்ளிப் பக்கம் போய்விட்டது.

கணக்கு அறையில் நான்,
ஒரு டேபிள் ஃபேன்,
இருபத்தேழு பெயர்.
வயது, ஆடிய நிமிடம், காயத்தில் படுத்த நாள்,
இப்போது வாங்குவது, இனிக் கொடுக்கலாம் என்பது.
கடைசிக் கட்டம் மட்டும்
மாடியிலிருந்து வரும்.
பென்சிலில் வரும்.

முன்கள எடிவால்டோவுக்கு
ஒரு மாதம் போவது
இடது பின்களத் திம்மராயனுக்கு
இரண்டு சீசன்.
இதில் எனக்குக் கோபமில்லை.
கோல் போடுகிறவனுக்குத்தான் ஃப்ளெக்ஸ்.
அவன் கால்களுக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் கட்டும்போது மட்டும்
கால்குலேட்டரில் என் விரல்
ஒரு நொடி நின்று போகும்.

முதலாளிக்கு கிரானைட்.
பலகைமேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்.
முடி அளவு விரிசல் இருந்தாலும்
ஈரம் அங்கேதான் கடைசியாகக் காயும்.
அந்தக் கல் கப்பல் ஏறாது.
திம்மராயனின் முட்டி ஸ்கேனை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
அப்படித்தான் பார்த்தார்.
முப்பத்திரண்டு, என்றார்.
ஒரு கோடு.

மறுநாளே வந்து நிற்கிறான் மனுஷன்.
"மேடம், சம்பளச் சான்று ஒண்ணு.
பாகலூர் ரோட்ல முப்பதுக்கு நாப்பது சைட்டு,
பேங்க்ல கேக்கறாங்க.
அடுத்த வருஷமும் இருக்கேன்னு
ஒரு வரி போட்டா போதும்."

இருக்கிறார் என்று எழுதினேன்.
இருப்பார் என்று எழுதவில்லை.
இரண்டுக்கும் நடுவில் கிடந்தது
முப்பதுக்கு நாற்பது.

ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு.
சீசனில் இருபது ஆட்டம் ஆனால்
தானாகவே ஒரு வருடம் நீளும்.
பத்தொன்பதில் நிற்கிறான்.
கோச்சுக்கு மாடியிலிருந்து ஃபோன் போனது.
நான் கேட்கவில்லை,
கண்ணாடித் தடுப்பு கேட்டது.

ஞாயிறு, கடைசி ஆட்டம்.
எண்பத்தாறாம் நிமிடம்
இருபது வயதுப் பையனுக்குத் தொடை பிடித்தது.
பெஞ்சில் இடதுகாலன் வேறு யாருமில்லை.
கோச் மேலே பெவிலியனைப் பார்த்தார்,
கீழே புல்லைப் பார்த்தார்.
ஒரே ஒரு கோல் முன்னால் இருந்தோம்.
போ என்று கையைக் காட்டினார்.

நாலு நிமிடமும் கூடுதல் மூன்றும்.
பந்தை இரண்டு முறை தொட்டான்.
ஒன்று த்ரோ,
அதைக் கால் கணக்கில் சேர்க்க முடியாது.

திங்கள்கிழமை வக்கீல் வந்தார்.
இங்கிலீஷ் பிரதியில்,
தொடக்கப் பதினொருவரில் இருபது முறை.
படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று
திம்மராயன் கேட்டு வாங்கிய தமிழ்ப் பிரதியில்,
இருபது ஆட்டம் ஆடினால்.
இரண்டிலும் அவன் கையெழுத்து.
இரண்டிலும் கிளப் சீல்.
இதை டைப் அடித்தது யார்?

நான்தான்.
போன ஜூனில், இரவு எட்டுக்கு மேல்,
சூளகிரிக்குக் கடைசி பஸ் பிடிக்கிற ஓட்டத்தில்.
தெரிந்தா தெரியாமலா, என்கிறார்.
ஆடினால் என்றால் ஆடினால்தானே சார்.
முதல் நிமிடம் ஆடுவதற்கு ஒரு சொல்,
கடைசி நிமிடம் ஆடுவதற்கு ஒரு சொல்
எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை.

அந்தச் சொல்லைச் சுற்றி
பென்சிலால் வட்டம் போட்டு
ஃபைலை எடுத்துப் போனார்.

என் ஒப்பந்தம் ஏஜென்சி வழி.
பதினோரு மாதம்,
ஒரு நாள் வீட்டில்,
மறுபடி பதினோரு மாதம்.
அந்த ஒரு நாள் நாளைக்கு வருகிறது.
எப்போதும் அன்றைக்குத் தலைக்குக் குளித்து
மதியம்வரை தூங்குவேன்.

வாசலில் திம்மராயன்
வண்டியை அணைக்காமல் கேட்டான்,
"மேடம், ஏதாச்சும் ஆச்சா?"
ஈரம் இன்னும் காயவில்லை என்று
நாக்கு நுனிவரை வந்தது.

"கோவா மேட்சுக்குப் போன ஆட்டோ பில்
இருந்தா குடுங்க,
இன்னிக்கே பாஸ் பண்ணிடறேன்."

முந்நூற்று நாற்பது.
எண்ணிக் கொடுத்தேன்.
அவனும் ஒருமுறை எண்ணினான்.